சாட்டையில்லாப் பந்தயம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்குகிற பழக்கம் கிடையாது. வெடி போட்டுத்தான் தொடங்குவார்கள். சுற்றிலும் வெடி செய்து பிழைக்கிற பூமி. கல்யாணத்துக்கும் வெடி, சாவுக்கும் வெடி, கட்சிக்காரர் காரை விட்டு இறங்கினாலும் வெடி. இதில் பந்தயத்துக்கு மட்டும் துணியை ஆட்டிக்கொண்டு நிற்பதா என்பார்கள். பந்தயச் சங்கத்துக்கு யார் தலைவரோ அவர் ஊதுபத்தியை வாங்கித் திரியில் வைக்கவேண்டும். வைத்துவிட்டு அவர் விலகி ஓடுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும்.

வைகாசி மாசம் அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்த பந்தயத்தில் சங்கத் தலைவர் சங்கையாதான் திரியைப் பற்றவைத்தார். ஆள் நல்ல கனம். ஓட்டமெல்லாம் ஓடவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நகர்ந்தார், அவ்வளவுதான். வெடி வெடித்ததும் மற்ற வண்டிகள் அசைந்து கொடுப்பதற்குள் அவருடைய செவலைக் குதிரை கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்விட்டது. ஓட்டியவன் அவர் மச்சினன் மணிகண்டராஜ். அவன் கையில் சாட்டை இல்லை, கம்பு இல்லை, கடிவாளக் கயிறு மட்டும்தான். போய்த் திரும்பி வருகிற வரைக்கும் செவலையை ஒரு வண்டியும் நெருங்கவில்லை.

"சாட்டையில்லாப் பந்தயம்! தமிழ்நாட்டுக்கே வழிகாட்டுற பந்தயம்!" என்று மைக்கைப் பிடித்தவர் தொண்டை கிழியக் கத்தினார். விருதுநகரிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் புகழேந்தி சங்கையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதத்தான் அண்ணாச்சி நாங்க கேட்டோம். அடியில்லாமலே என்னமா ஓடுது பாருங்க. அன்பா வளத்தா எந்த மிருகமும் ஓடும்."

"எல்லாம் அந்த அம்மன் புண்ணியம் சார்" என்றார் சங்கையா. மாலை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டார். துண்டு போர்த்தினார்கள், அதையும் வாங்கிக்கொண்டார். செவலை நின்ற பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

சாட்டையில்லாப் பந்தயம் அவர் கொண்டுவந்ததுதான். முந்தின வருஷம் வேறொரு ஊர்ப் பந்தயத்தில் ஆணி அடித்த கம்பால் குத்தி, ஒரு குதிரை தொடையில் ரத்தம் வழிய வழிய ஓடியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் காறித் துப்பினார்கள். இனிமேல் இந்தப் பக்கம் பந்தயத்துக்கு அனுமதியே கிடையாது என்று மேலிடத்தில் சொல்லியாயிற்று. சங்கத்து ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது சங்கையா எழுந்து, சாட்டையையே எடுத்துவிடுவோம் என்றார். பந்தயத் தடத்துக்குள் சாட்டை, கம்பு, ஆணி, மிளகாய்ப்பொடி, கரண்ட் வைக்கிற கருவி எதுவும் வரக்கூடாது. வந்தால் அந்த வண்டிக்காரனுக்கு மூன்று வருஷம் தடை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டாக்டர் குதிரையின் உடம்பைத் தடவிப் பார்ப்பார். காயம் இருந்தால் வண்டி வெளியே. சும்மா சொல்லக்கூடாது, இந்த விதியை எழுதும்போது சங்கையா மனசார எழுதினார். அனுமதியும் கிடைத்தது.

ஆனால் பந்தயத் தடத்துக்கு வெளியே என்ன என்று அவரும் யோசிக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. மணிகண்டராஜ் யோசித்தான். காலையில் வறண்ட கண்மாய்க்குள் வண்டியைப் பூட்டிச் செவலையை நிறுத்துவான். கூட்டாளி ஒருத்தன் பின்னால் நின்று குருவி வெடியைக் கொளுத்திப் போடுவான். வெடி வெடிக்கிற அதே நேரம் பின்தொடையில் சாட்டை இறங்கும். வெடி, அடி. வெடி, அடி. இப்படியே பழக்கி, கொஞ்ச நாளில் சாட்டையைத் தூரப் போட்டுவிட்டான். வெடிச்சத்தம் ஒன்றே போதும் என்றாகிவிட்டது. பந்தயம் வருவதற்குள் தடிப்பெல்லாம் வற்றி மேலே முடியும் மூடிவிட்டது. டாக்டர் தடவிப் பார்த்தபோது உடம்பு பட்டாட்டம் இருந்தது.

சங்கையாவுக்கு இது தெரியாது என்று சொன்னால் பச்சைப் பொய். "எப்படியும் பழக்கிக்கிடுலே மணி. பந்தயத்துல சாட்டை வந்துச்சுன்னா மட்டும் என் மானம் போயிரும். மத்தத எங்கிட்ட சொல்லாத" என்று அவர்தான் சொன்னார். அவருக்கு இரண்டு வேன் ஓடுகிறது. ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிடுகிற வேன். இரண்டுக்கும் டிரைவர் உண்டு. இருந்தும் அந்த நாள்களில் ஒரு வேனை அவரே ஓட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பிவிடுவார். கண்மாயைத் தாண்டும்போது வேனில் பாட்டை நல்ல சத்தமாக வைத்துக்கொள்வார்.

ஜெயித்துவிட்டு வந்த அன்று வீட்டில் கறிக்குழம்பு. சங்கையாவின் பெண்சாதி கற்பகவல்லி இலை போட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். மணிகண்டராஜ் ஜெயித்த கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இலையில் போட்ட சோற்றைக்கூட முடிக்கவில்லை. சாப்பாடு முடிந்து ஆள்கள் கலைந்த பிறகு கற்பகவல்லி ஊறவைத்த கொள்ளுப் பயறை வாளியில் எடுத்துக்கொண்டு குதிரைக் கொட்டகைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"என்னங்க! இங்கன வாங்க. ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க."

சங்கையா பாயில் சாய்ந்திருந்தார். "என்ன, தின்னலையா? களைப்பா இருக்கும், விடு."

"வாங்கன்னா வரணும்."

போனார். செவலை வாளியில் வாயே வைக்கவில்லை. கற்பகவல்லி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொட்டகையை ஒட்டின அவர்கள் காட்டுக்கு அடுத்த காட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. மத்தியானத்துக்கு மேல் அங்கே சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அது அன்றாடம் கேட்கிற சத்தம்தான். கைக்குழந்தைகூட அதற்கு முழிக்காது. அன்றும் ஒன்று வெடித்தது. செவலை துள்ளவில்லை, கனைக்கவில்லை. கட்டின இடத்திலேயே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நடுங்கியது. பின்தொடையில் தோல் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அடிவயிற்றில் வேர்வை பொங்கிச் சொட்டியது. நின்றபடியே மூத்திரம் விட்டது.

"பாத்தீகளா?"

"சத்தத்துக்கு மெரளுது."

"இது சத்தத்துக்கு மெரள்றதா? எங்கிட்டயே சொல்றீகளா? இந்தப் புழுதிக்காட்டுல பொறந்து வளந்தவ நானு, சத்தத்துக்கு மெரள்றது எனக்குத் தெரியாதா? அது அடிக்குக் காத்துக்கிட்டு நிக்குது. அடி வரும் வரும்னு தொடைய இறுக்கிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு அடிக்கல, நேத்து அடிக்கல, ஆனா அதுக்கு அது தெரியுமா? ஒரு நாளைக்கு எத்தன வாட்டி அங்கன வெடிக்கிறான்? அத்தன வாட்டியும் இது அடி வாங்குது."

சங்கையா சங்கத் தலைவர் மாதிரியே பேசினார். "நம்ம விதியில இல்லாத எதையும் செய்யல கற்பகம். டாக்டரே பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அந்த விதிய எழுதினது யாரு?"

சங்கையா குனிந்து வாளியைக் குதிரைப் பக்கம் நகர்த்தினார்.

"கேக்குறேன்ல? யாரு எழுதினது? ஊருக்கு விதி எழுதிட்டு, வீட்டுல தெரியாத மாதிரி வேனை எடுத்துக்கிட்டுப் போனீகளே, எனக்கு அது தெரியாதுன்னு நெனச்சீகளோ? நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. தம்பி பொளப்பாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே இதுக்கு வண்டி பூட்டக்கூடாது. இன்னொண்ணு, சங்கத்துல போயி உள்ளதச் சொல்லுங்க. நீங்கதான தலைவரு?"

"சொன்னா மணிக்குத் தடை போட்டுருவாகளே?"

"போடட்டும். தம்பிங்கிறதுக்காக அவன் செஞ்சது நல்லதாயிருமா?"

அந்த வாரமெல்லாம் சங்கையாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த காட்டில் சாம்பிள் வெடிக்கும்போதெல்லாம் எங்கே நின்றாலும் அவர் காது கொட்டகைப் பக்கம் போய்விடும். வேன் டீசலுக்கு எவ்வளவு ஆச்சு என்று டிரைவர் கேட்டால்கூட "என்ன?" என்று முழிப்பார். போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று காலையில் தோன்றும். வெயில் ஏற ஏற, ஒரு குதிரைதானே, அதையும் இனிப் பூட்டப்போவதில்லை, இதைப்போய் எதற்குச் சபையில் அவிழ்த்துவிட்டு மானங்கெட வேண்டும் என்று தோன்றும்.

இந்த நேரத்தில்தான் பாண்டிராஜ் வீடு தேடி வந்தார். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருப்பவர், சங்கத்துச் செயலாளர். அவரிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கிறது. வைகாசிப் பந்தயத்தில் அது நாலாவதாக வந்தது. கையில் ஒரு பெட்டி சீரணி மிட்டாயோடு வந்து உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி. பிரஸ்ல வேலை எப்படி?"

"சீசன் ஆரம்பிச்சிருச்சுல்ல அண்ணாச்சி, ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. தூங்க நேரமில்ல." காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்க மச்சினன் கண்மாய்க்குள்ள குதிரை பழக்குறத எங்க டிரைவர் பாத்திருக்கான்" என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார் சங்கையா. நினைத்த மறுநொடியே ஒரு நிம்மதியும் வந்தது. நாமாகப் போய்ச் சொல்ல முடியவில்லை, இந்த ஆளாவது புகார் கொடுக்கட்டும், வாங்கவேண்டியதை வாங்கிக்கொள்வோம்.

"ஆமா தம்பி. அது தப்புதான்…"

"என்ன தப்பு? நானும் ஆரம்பிச்சிட்டேன் அண்ணாச்சி. அதுல ஒரு சந்தேகம். எங்க வெள்ளை, வெடி வெடிச்சதும் ஓடாமப் படுத்துக்கிடுது. அடி முதல்லயா, வெடி முதல்லயா? ரெண்டும் சேந்தாப்புல விழணுமா? அந்தப் பக்குவம் எங்க பயலுகளுக்குப் பிடிபடல. மணிகண்டராச ஒரு நாள் அனுப்பி வைங்களேன். நம்ம ரூல்ல இதுக்குத் தடை ஒண்ணும் இல்லல்ல?"

சங்கையா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "வேற யாரும் இப்படிப் பழக்குறாகளா?"

"யாரு பழக்கல? காளிராசு அண்ணன் பழக்குறாரு. சாத்தூர்க்காரக, ஆலங்குளத்துக்காரக, எல்லாரும்தான். சாட்டைய எடுத்தாச்சு, அப்புறம் குதிரை எதுக்கு ஓடும்? நீங்க ஒரு வழி காட்டினீக, எல்லாரும் பிடிச்சுக்கிட்டாக." பாண்டிராஜ் உண்மையிலேயே மரியாதையாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் கேலி கிண்டல் எதுவும் இல்லை.

அவர் போனபிறகு சீரணிப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த கற்பகவல்லி வெளியே வந்து, "இப்ப எத்தனை குதிரைங்க?" என்று மட்டும் கேட்டாள். சங்கையா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தி பந்தயத்தன்றைக்கு நாலு அடி வாங்கின குதிரைகள். இப்போது தினம் தினம் வீட்டில் வாங்குகின்றன. வாங்காத நேரமும் கம்பெனிக்காரன் வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் தன் கையால் எழுதின விதி. ஒரு குதிரையோடு போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குத்தான் வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது.

சங்கக் கூட்டம் காளிராஜின் மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீசில் நடந்தது. ஆனி மாசக் காற்று தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. காராச்சேவு பொட்டலமும் டீயும் ஒரு சுற்று வந்ததும் சங்கையா எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். கேட்கவில்லை.

"என் வீட்டுக் குதிரைய வெடி போட்டு அடிச்சுப் பழக்கினோம். எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சு. வைகாசியில அது செயிச்சது அதனாலதான். எனக்கும் என் மச்சினனுக்கும் மூணு வருசம் தடை போடுங்க. இனிமே யாரு வீட்டுல வச்சு அடிச்சாலும் தடைன்னு தீர்மானம் போடுங்க. வெடியும் வேண்டாம்."

காளிராஜ் சேவை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். வயசில் மூத்தவர், கனத்த குரல்.

"எந்த ரூல்படி தடை போடச் சொல்றீக சங்கையா?"

"நான் தப்பு செஞ்சேன்னு நானே சொல்றேன்ல அண்ணே?"

"நீரு சொல்லலாம். ரூல் சொல்லணும்லய்யா? தடத்துக்குள்ள அடிக்கல. உடம்புல காயம் இல்ல. டாக்டரு பாஸ் பண்ணியாச்சு. இதுல எங்க தப்பு இருக்கு?"

"அப்பம் ரூல மாத்துவோம்."

"மாத்தி? அவனவன் வீட்டுத் தொழுவத்துல போயி யாரு காவல் இருக்கிறது? நீரு இருக்கீரா? நம்ம புள்ளைய வீட்டுல ரெண்டு சாத்து சாத்துனா பள்ளிக்கூடத்துல வந்து கேப்பாகளா?"

சிரித்தார்கள். இன்னொருவர், தலைவருக்கே தடை போட்டால் சங்கம் இருக்கிறதா இல்லையா என்று மேலிடத்தில் கேட்பார்கள், அப்புறம் பந்தயத்துக்கு அனுமதியும் சேர்த்துப் போகும் என்றார். அது எல்லாருக்கும் உறைத்தது. தலைவர் ராஜினாமா என்ற பேச்சே எழக்கூடாது என்று நாலு பக்கமும் சத்தம். சங்கையா நின்றுகொண்டே இருந்தார். தண்டனை கொடு என்று ஒருத்தன் இரந்து கேட்டும் கொடுக்க ஆளில்லை.

கடைசியில் பாண்டிராஜ்தான் ஒரு வழி சொன்னார். "தலைவர் மனசு நோகக்கூடாது. வெடிய எடுத்துருவோம். இனிமே பச்சைக்கொடி. தலைவர் கொடியத் தூக்கி இறக்கினா பந்தயம் ஆரம்பம். வெளிய கேக்குறவகளுக்கும் நல்லாருக்கும். பட்டாசு ஊர்லயே வெடியில்லாப் பந்தயம்னு பேப்பர்ல போடுவான்."

கை தட்டினார்கள். வீட்டில் வைத்து அடிப்பதைப் பற்றிய தீர்மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். டீ இன்னொரு சுற்று வந்தது.

சங்கையா அரை மனசோடுதான் வீடு திரும்பினார். ஆனாலும் வழியில் ஒரு ஆறுதல் வந்தது. வெடியே இல்லையென்றால் வெடிக்குப் பழக்கி என்ன பிரயோசனம்? தானாக விட்டுவிடுவார்கள். இதைக் கற்பகவல்லியிடம் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உங்களுக்குத் தடை போடலையா?"

"போடமாட்டேன்னுட்டாக."

"கேட்டீகளா?"

"கேட்டேன் கற்பகம். நின்னுக்கிட்டே கேட்டேன்."

"சரி, உக்காருங்க. கத்திரிக்காய்க் குளம்பு வச்சிருக்கேன். இன்னைக்காவது நாலு வாய் தின்னுங்க."

அன்றைக்குச் சாப்பிட்டார். மணிகண்டராஜ்தான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். "செவலைய இனி ஓட்டக்கூடாதுன்னா நான் என்ன செய்ய அத்தான்? ஊரே செய்யிறத நான் செஞ்சேன். அதுவும் நீங்க சொல்லித்தான் செஞ்சேன். இப்ப நீங்க நல்லவரு, நான் கெட்டவனா?" அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு கிடையாது. அடுத்த வாரம் பாண்டிராஜின் வெள்ளையை ஓட்டப் போய்விட்டான். அக்கா கூப்பிட்டும் வரவில்லை.

ஆடிப் பந்தயத்துக்கு நல்ல கூட்டம். காற்றில் புழுதி பறந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் ஆள் தலைதான் தெரிந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களும் சர்பத் வண்டிக்காரர்களும் வரப்பு வரைக்கும் கடை போட்டிருந்தார்கள். டாக்டர் புகழேந்தி ஒவ்வொரு குதிரையாகத் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டிகளைக் கோட்டில் நிறுத்தினார்கள். சங்கையாவை ஒரு மேடையில் ஏற்றிப் புதுப் பச்சைக்கொடியைக் கையில் கொடுத்தார்கள். வெடி இல்லை, புகை இல்லை. எத்தனையோ வாரத்துக்கப்புறம் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

கொடியைத் தூக்கினார்.

கோட்டில் நின்ற குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காதை மடக்கின. பின்னங்கால் தொடைகளில் தோல் சுருங்கி விரிந்தது. ஒரு மட்டக்குதிரை நின்றபடியே மூத்திரம் விட்டது. மேடைக்குப் பக்கத்தில் வெள்ளை நின்றது. வண்டியின் ஏர்க்கால் கடகடவென்று ஆடுகிற அளவுக்கு நடுங்கியது. இந்த நடுக்கம் அவருக்குத் தெரியும். அவர் கொட்டகையில் பார்த்த நடுக்கம்.

"ஏலே மணி" என்றார், கொடியைத் தூக்கின கை தூக்கினபடியே. "ஏன்லே நடுங்குது?"

மணிகண்டராஜ் வண்டியில் உட்கார்ந்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தான். கோபம் எல்லாம் போய், அவனுக்கே பாவமாக இருந்தது.

"வெடிய எடுத்துட்டா விட்டுருவாகன்னா நெனச்சீக அத்தான்? நீங்க தீர்மானம் போட்ட மறுநாளே எல்லாரும் பச்சைத்துணி வாங்கிட்டாக. துணியத் தூக்கிக் காட்டணும், இறக்கும்போது அடிக்கணும். வெடியவிட இது சுளுவாப் பிடிச்சுக்கிடுது."

"சார்!" என்று கூப்பிட்டார் சங்கையா. புகழேந்தி மேடையருகே வந்தார். "சார், எல்லா வண்டியையும் அவுக்கச் சொல்லுங்க. இம்புட்டுக் குதிரையும் அடி வாங்கியிருக்கு. இந்தக் கொடியக் காட்டிக் காட்டி அடிச்சிருக்காக. முதல்ல இத ஆரம்பிச்சது என் வீடுதான் சார். எழுதிக்கோங்க."

"அண்ணாச்சி, ஒண்ணொண்ணா என் கையால தடவிப் பாத்தேன். ஒரு கீறல் கிடையாது."

"நடுங்குது பாருங்க சார்."

புகழேந்தி பார்த்தார். அவர் பார்வை வெள்ளையின் தொடையில் கொஞ்ச நேரம் நின்றது. மனுசன் கெட்டவர் இல்லை. "தெரியுது அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "ஆனா நடுக்கத்துக்கு உங்க விதியில இடம் இல்லையே. காயம் இருந்தா வண்டிய வெளிய எடுப்பேன். நடுங்குதுன்னு நான் எப்படி எடுக்க? நீங்க தீர்மானம் போட்டுக் குடுங்க, அடுத்த தடவை பாப்போம். இப்ப இந்தக் கூட்டத்த வச்சுக்கிட்டு என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

மைக்கில் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். "நமது தலைவர் அவர்கள் வாயில்லா ஜீவன்கள் மீது கொண்ட அன்பினால் டாக்டரிடம் மறுபடியும் பரிசோதிக்கச் சொல்கிறார்! எப்பேர்ப்பட்ட மனசு!" கை தட்டல். பைக்கில் கூட ஓடுவதற்குத் தயாராக நின்ற இளவட்டங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். "கொடிய இறக்குங்க அண்ணாச்சி! வெயில் தாங்கல!"

கொடியைக் கீழே இறக்கினால் பந்தயம் தொடங்கிவிடும். தூக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் குதிரைகள் அடியை எதிர்பார்த்து நின்றுகொண்டே இருக்கும். கொடியைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். கோட்டுக்கு நடுவில் போய் நின்றிருக்கலாம். இதெல்லாம் பிறகு படுத்துக்கொண்டு யோசிக்கும்போது வருகிற வழி. அந்த நேரத்தில் அத்தனை முகமும் தன்னையே பார்ப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. தோள்பட்டை வலித்தது. காளிராஜ் கீழே நின்று, "என்னய்யா, மானத்த வாங்குறீரு" என்று பல்லைக் கடித்தார்.

சங்கையா கையை இறக்கினார்.

குதிரைகள் பறந்தன. ஒரு வண்டியிலும் சாட்டை இல்லை, ஒரு வண்டிக்காரனும் கையை ஓங்கவில்லை. புழுதி அடங்குவதற்குள் எல்லாம் பார்வையை விட்டு மறைந்துவிட்டன. ஜனம் ஆரவாரம் செய்தது. புகழேந்தியும் கை தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

பரிசு கொடுக்கிற வரைக்கும் சங்கையா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது கற்பகவல்லி தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீக? யாரு செயிச்சா?"

"தெரியல. வெள்ளை முன்னால போச்சு. மணி ஓட்டினான்."

"அடி கிடி விழுந்துச்சா?"

"ஒரு அடி விழல."

அவள் குழாயை மூடிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். "செவலைக்குத் தண்ணி வைக்கணும். கொண்டுபோயி வச்சிட்டு வாங்க, கொஞ்ச நேரம் அதுகிட்ட நில்லுங்க. இப்பல்லாம் ஆள் பக்கத்துல இருந்தா நடுக்கம் கொறையுது."

"நீயே வச்சிரு."

"ஏன், நீங்க போனா என்ன?"

"என்னப் பாத்தா மெரளும்."

"நல்லாருக்கே! உங்களப் பாத்து அது எதுக்கு மெரளப் போவுது? நீங்க அத ஒருநாளும் அடிச்சதில்லையே."

"அத அடிச்சதில்ல" என்றார் சங்கையா. வாசல்படியில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு வந்து நின்ன அம்புட்டுக் குதிரையையும் நான்தான் கற்பகம் அடிச்சேன்."